கைக்குழந்தைக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீர்?

கல்பிட்டிக் குடாநாட்டில் கிணறு தோண்டுவது பெரிய பாடல்ல. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் புத்தளம் களப்பு, இடையில் மணல். ஓராள், இரண்டாள் ஆழம் போவதற்கிடையில் தண்ணீர் ஊறிவிடும். சீமெந்து வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிவிட்டால் கிணறு ஆயிற்று. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, உடுத்த துணியோடு இந்தக் கரைக்கு வந்து சேர்ந்த முஸ்லிம் குடும்பங்களுக்கு இது வியப்பாகவே இருந்தது. அவர்களுள் பலர் முசலிப் பக்கத்தில் குளத்தை நம்பி வயல் செய்தவர்கள். வானம் பார்த்து, குளக்கட்டு பார்த்து வாழ்ந்தவர்களுக்குக் காலடியிலேயே நன்னீர் கிடைத்தது அந்த நாட்களில் கிடைத்த சில ஆறுதல்களில் ஒன்று.

ஆனால், மேலே கிடக்கும் தண்ணீருக்கு மேலே நடக்கும் எல்லாவற்றிலும் பங்குண்டு. களிமண் நிலம் உரத்தை ஓரளவுக்குப் பிடித்து வைத்திருக்கும், மணல் பிடிக்காது. வெங்காயப் பாத்திக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் போட்ட யூரியாவில் பயிர் எடுத்தது போக மிஞ்சியது சில நாட்களில் நைத்திரேற்று என்ற உப்பாக மாறுகிறது. அடுத்தடுத்து இறைக்கும் தண்ணீர் அதைக் கரைத்துக் கீழே கொண்டுபோய் ஊற்றில் சேர்க்கிறது. பம்ப் அதை மறுபடியும் மேலே கொண்டுவருகிறது. உரம் மறுபடியும் போடப்படுகிறது. இவ்வாறு ஆண்டு முழுவதும் நடக்கிறது. 1980களிலேயே இக்குடாநாட்டின் நிலத்தடி நீரைச் சோதித்த ஆய்வாளர்கள், மரக்கறிச் செய்கை நடக்கும் இடத்துக் கிணறுகளில் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைக் கடந்த நைத்திரேற்று இருப்பதைக் கண்டார்கள். தென்னந்தோட்டங்களிலும் செய்கை இல்லாத காணிகளிலும் அது மிகக் குறைவாக இருந்தது. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்குத் திரும்ப வருவோம்.

அந்த எல்லை, ஒரு லீற்றர் தண்ணீரில் 50 மில்லிகிராம் நைத்திரேற்று. இலங்கையின் குடிநீர்த் தரமும் அதுவே. வளர்ந்தவர்கள் இதைச் சற்று மிஞ்சிய தண்ணீரைக் குடித்தாலும் உடனே ஒன்றும் தெரியாது. கைக்குழந்தையின் கதை வேறு. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின், அதிலும் முதல் மூன்று மாதக் குழந்தையின் வயிற்றில் அமிலம் குறைவு. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றிவிடும். அது இரத்தத்தில் கலந்து, ஒட்சிசனைச் சுமந்து செல்லும் ஈமோகுளோபினைச் சுமக்க முடியாததாக்கிவிடுகிறது. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது. ஆனால் உடலுக்குக் காற்றுப் போய்ச் சேருவதில்லை. 1945 இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கொம்லி என்ற வைத்தியர், பண்ணைக் கிணற்றுத் தண்ணீரில் பால் கரைத்துக் கொடுக்கப்பட்ட சிசுக்கள் நீலம் பாரித்து வந்ததைக் கண்டு இந்த நோயை முதன்முதலில் விளக்கி எழுதினார். பண்ணை, மேலோட்டமான கிணறு, புட்டிப்பால்: இந்த மூன்றும் கூடும் இடம் அயோவா மட்டுமல்ல.

அளவையும் பாருங்கள். ஐந்து கிலோ நிறையுள்ள குழந்தை புட்டிப்பாலிலேயே வளருமானால் நாளொன்றுக்கு ஏறத்தாழ முக்கால் லீற்றர் குடிக்கும். அறுபது கிலோ நிறையுள்ள தகப்பன் அதே விகிதத்தில் குடிப்பதானால் ஒன்பது லீற்றர் குடிக்க வேண்டும். ஒரே கிணறுதான், ஆனால் அந்த வீட்டில் அதிகம் குடிப்பது தொட்டிலில் கிடப்பதே.

நோயின் அடையாளம் உதட்டிலும் நாக்கிலும் முரசிலும் நகக்கண்ணிலும் தெரியும். எங்கள் பிள்ளைகளின் தோல் நிறத்தில் உடம்பைப் பார்த்து நீலத்தைக் கண்டுபிடிக்க முடியாது. வாயைத் திறந்து பாருங்கள். நீலமும் சாம்பலும் கலந்த நிறம், சோர்வு, பால் குடிக்க மறுத்தல், மூச்சு வாங்குதல் இருந்தால் அந்த நிமிடமே வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும். அங்கே மறக்காமல் சொல்ல வேண்டிய ஒரு வசனம் உண்டு: “பிள்ளைக்குத் தோட்டக் கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தோம்.” சளி என்றும் இருதய நோய் என்றும் எண்ணி நேரம் போகாமல் இருக்க இது உதவும். மெதிலீன் நீலம் என்ற மருந்து இதற்கு உண்டு, வைத்தியர்கள் கொடுப்பார்கள். வாகனம் இல்லாதவர்கள் சுவசெரிய அம்புலன்ஸை இலவசமாக அழைக்கலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1990. இந்த எண்ணை இங்குள்ளவர்களுக்குப் பாடமாக்கிக் கொடுக்கத் தேவையில்லை.

“நாங்கள் கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறோம்” என்று தாய்மார் சொல்கிறார்கள். கொதிக்க வைப்பது மிக நல்ல பழக்கம். வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் தரும் கிருமிகள் அதில் செத்துப்போகும். எனவே அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் நைத்திரேற்று கிருமியல்ல, உப்பு. கறி வற்ற வற்ற உப்புக் கரிப்பது போல, தண்ணீர் கொதித்து வற்ற வற்ற நைத்திரேற்றின் செறிவு கூடும். குளோரின் போட்டாலும் அது போகாது. வீட்டில் வைத்திருக்கும் மண் வடிகட்டியும் அதைப் பிடிக்காது. நிறம், மணம், சுவை எதுவும் இல்லாததால் கண்ணாடி போன்ற தெளிந்த தண்ணீரிலும் அது இருக்கலாம். கிணறு நன்றாக இருக்கிறது என்று ஊரார் சொல்வது பெரும்பாலும் உவர்ப்பு இல்லை என்பதைத்தான்.

ஆலங்குடாவில் ஓர் உம்மம்மா நம்மோடு வழக்காடினார். “ஏழு புள்ளைக்கும் கிணத்துத் தண்ணிதான் ஃபாதர், காய்ச்சி ஆத்தித்தான் குடுத்தன். ஒண்டுக்கும் ஒண்டும் நடக்கல்லயே!” அவர் சொன்னது பொய்யல்ல. அந்த ஏழு பிள்ளைகளும் பிறந்த ஊரில் கிணறு வீட்டு வளவில் இருந்தது. வயல் தூரத்தில் குளத்தின் கீழ் இருந்தது. இங்கே வீட்டு வேலிக்கு அப்பால் வெங்காயப் பாத்தி. அங்கே போகத்துக்கு ஒரு முறை வயலுக்கு உரம் போனது; இங்கே ஒரு செய்கை முடிய மறு செய்கை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த உம்மம்மா ஏழு பேருக்கும் பால் கொடுத்தவர். தண்ணீர் இடையிடையே நாவை நனைக்கக் கொடுத்ததுதான். அவருடைய பேத்தியின் பிள்ளை முழுப் பாலையும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறது. இதைச் சொன்னபோது அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்ப பால் குடுக்காததுதான் குத்தம், கிணத்தக் குத்தம் சொல்லாதீங்க” என்றார். வழக்கில் பாதியை அவர் வென்றுவிட்டார் என்றே நினைக்கிறோம்.

தாய் குடிக்கும் தண்ணீரில் நைத்திரேற்று இருந்தாலும் அது தாய்ப்பாலில் பெரிதாக இறங்குவதில்லை. தாயின் உடல் ஒரு நல்ல வடிகட்டி. ஆகவே இந்த மணலில் பிறக்கும் பிள்ளைக்கு முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும் போதும். ஒரு துளி தண்ணீரும் வேண்டாம், பங்குனி வெயிலிலும் வேண்டாம். தாகத்துக்கான தண்ணீரும் அந்தப் பாலிலேயே இருக்கிறது. முன்பு நான்கு மாதம் என்று கிளினிக்கில் சொன்னது மூத்த தாய்மாருக்கு நினைவிருக்கும். 2001 இல் உலக சுகாதார சபை ஆறு மாதம் என்று தீர்மானித்த பின் நமது நாட்டிலும் அது மாற்றப்பட்டது. 2016 ஆம் ஆண்டின் தேசிய சுகாதார மதிப்பீட்டில் இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பாலை மட்டும் பெற்றார்கள். உலகில் பல நாடுகள் பொறாமைப்படத்தக்க கணக்கு இது. குர்ஆன் பாலூட்டலுக்கு இரண்டு முழு ஆண்டுகளைக் குறிப்பிடுவதை நமது வாசகர்கள் நம்மைவிட நன்கு அறிவர். தலவிலில் புனித அன்னம்மாளிடம் பிள்ளை வரம் கேட்டுப் போகும் தாய்மாருக்கும் நாம் சொல்வது இதையே. திருவிழா நாட்களில் கொட்டிலடித்துத் தங்கும்போது முன்பின் தெரியாத கிணற்றில் அள்ளிப் புட்டி நிறைக்கும் வழக்கம் நல்லதல்ல.

பிறந்த பிள்ளையின் நாவில் எதையாவது தொட்டு வைக்கும் சடங்கு எல்லாச் சமூகத்திலும் உண்டு. பேரீச்சம்பழம், சீனித்தண்ணீர், சிங்கள மக்களிடம் தாய்ப்பாலில் பொன் உரைத்த ‘ரன் கிரி’. சமயத்தோடு சேர்ந்த வழக்கங்களில் கை வைக்க நாம் யார்? ஒன்றை மட்டும் வேண்டிக்கொள்கிறோம்: ஒரு வயது நிறையும் வரை தேன் வேண்டாம். அதிலிருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிர் சிசுவுக்கு நஞ்சாகும்.

இவ்வளவும் சொல்லிவிட்டுத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடுவது எளிது. கூட்டங்களில் அப்படித்தான் நடக்கிறது. நம் பிரசங்கங்களிலும் நடப்பதுண்டு. உண்மையில் புட்டி ஏன் வந்தது? இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துக்குக் காணி இல்லை. அடுத்தவர் தோட்டத்தில் களை பிடுங்கவும் வெங்காயம் கிளப்பவும் கூலிக்குப் போக வேண்டும். நாற்பது நாள் கழிந்ததும் போகும் தாய்மார் உண்டு. காலையில் போய்ப் பிற்பகலில் வருபவள் பிள்ளைக்கு எப்போது பால் கொடுப்பாள்? தோட்டக்காரர் போட்ட உரம் கூலிக்காரியின் பிள்ளையின் போத்தலுக்கு வருகிறது. கூலிக்கு வந்த காரணத்தால்தான் அந்தப் போத்தலும் வந்தது. இதில் நியாயம் பேசுவதானால் தாயிடம் தொடங்கக்கூடாது.

இலங்கையின் மகப்பேற்று நன்மைகள் சட்டம், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தொழிலாளிக்கு வேலை நாளில் இரண்டு பாலூட்டல் இடைவேளைகளைக் கொடுக்கிறது. பிள்ளைப் பராமரிப்பு இடம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி, இல்லையேல் ஒரு மணி. நாட்கூலிக்குப் போகும் பெண்ணுக்குத் தோட்டத்தில் இது நடைமுறையில் கிடைப்பதில்லை. சட்டம் வரும்வரை காத்திருக்காமல், காணி வைத்திருப்பவர்கள் தாமாக இதைச் செய்யலாம். வீடு அரைக் கட்டை தூரத்தில் இருந்தால் ஒரு மணி நேரத்தில் போய்க் கொடுத்துவிட்டு வரலாம். அதுவும் முடியாத நாளில், பாலைச் சுத்தமான கையால் பீய்ச்சி, கொதிநீரில் கழுவிய கோப்பையில் மூடி, நிழலான குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டுப் போகலாம். நமது வெக்கையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். கோப்பையாலோ கரண்டியாலோ உம்மம்மா ஊட்டட்டும். போத்தல் சூப்பிக்குள் ஒளிந்திருக்கும் அழுக்கு கோப்பையில் ஒளிய முடியாது.

ஆறு மாதம் முடிந்து திரிபோஷாவும் குரக்கனும் சோறும் தொடங்கிய பிள்ளைக்கு நீலநோயின் ஆபத்து வெகுவாகக் குறையும். வயிற்றோட்டம்தான் அதன் பின் வரும் எதிரி. ஜீவனிப் பொதி ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொடுப்பதை எல்லாரும் அறிவார்கள். அது கையில் இல்லையென்றால் ஒரு லீற்றரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

தவழவும் நடக்கவும் தொடங்கிய பிள்ளைக்குக் கிணறு வேறு விதமாக ஆபத்தாகிறது. வீட்டுக் கிணற்றுக்குக் கட்டு இருக்கும். தோட்டத்துக் கிணறு பெரும்பாலும் தரையோடு தரையாக, வாய் திறந்து கிடக்கும். தாய் பாத்தியில் குனிந்திருக்க, ஐந்து வயது அக்கா இரண்டு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். தண்ணீரில் விழுந்த சிறு பிள்ளை சத்தம் போடுவதில்லை. உலகெங்கும் நீரில் மூழ்கி இறப்போரில் ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளின் விகிதமே மிக அதிகம். பங்களாதேஷ் கிராமங்களில் இதை ஆராய்ந்தவர்கள், தாய்மார் வேலையில் மூழ்கியிருக்கும் காலை நேரத்திலேயே பெரும்பாலான பிள்ளைகள் குளத்திலும் கிடங்கிலும் விழுவதைக் கண்டார்கள். அங்கே ‘ஆஞ்சல்’ என்ற பெயரில், ஊரிலேயே ஒரு பெண்ணின் வீட்டு முற்றத்தில், காலை ஒன்பதிலிருந்து பிற்பகல் ஒரு மணிவரை பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பார்க்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். பெரிய கட்டடம் இல்லை, பெரிய செலவு இல்லை. இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. நமது மாதர் சங்கங்கள் சீட்டுப் பிடிப்பதில் காட்டும் திறமையில் கால்வாசி போதும், இதை இங்கும் செய்ய. அதுவரை கிணற்றைச் சுற்றி மூன்று அடி உயரத்துக்கு வளையமோ கிடுகு வேலியோ, அதுவும் முடியாத இடத்தில் தென்னஞ் சிலாகைகளால் ஒரு மூடியோ போட வேண்டும்.

கிணற்றடியில் மருந்தடிக்கும் தாங்கியைக் கழுவுவதையும் நிறுத்துங்கள். வெற்றுப் பூச்சிமருந்துப் போத்தலில் எண்ணெய் வாங்குவதும், சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் வைப்பதும் பிள்ளைக்கு விரித்த வலை. மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். அப்படியே வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இரசாயன உரத்தை விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று 2021 இல் உரத்தடை வந்தபோது சிலர் பேசினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் தடையும் எடுக்கப்பட்டுவிட்டது. அது பட்ட பாட்டை விவசாயிகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் மாட்டெருவும் கோழியெருவும் மணலில் அளவுக்கு மிஞ்சினால் அதே நைத்திரேற்றைத்தான் தரும். உரத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் சிறிது சிறிதாகப் பிரித்துப் போடுவதும், போட்ட கையோடு பாத்தி நிரம்பத் தண்ணீர் கட்டாமல் இருப்பதும் கிணற்றுக்கும் நல்லது, மடிக்கும் நல்லது.

மனிதக் கழிவும் அப்படியே. நிலத்தடி நீருக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே 30 மீற்றர் இருக்க வேண்டும், குழியின் அடி நீர்மட்டத்துக்கு மேல் ஒன்றரை மீற்றராவது உயர்ந்திருக்க வேண்டும் என்று அகதிகளுக்கான உலகத் தராதரங்கள் சொல்கின்றன. நமது குடியேற்றங்களில் ஒரு குடும்பத்துக்கு 10 பேர்ச் காணி என்று வைத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 52 அடிக்கு 52 அடி. மூலைக்கு மூலை அளந்தாலும் 74 அடிதான் வரும். 30 மீற்றர் என்பது 98 அடி. ஆகவே ஒரு வீட்டுக்காரர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் தன் காணிக்குள் கிணற்றையும் குழியையும் முறைப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அயலவரின் குழி வேலிக்கு அப்பால் இருக்கும். 2007 இல் தொடங்கிய உலக வங்கி வீடமைப்புத் திட்டத்தின் பின் கிடுகுக் கொட்டில்கள் கல்வீடுகளாயின, மலசலகூடங்களும் வந்தன. நல்ல காரியம்தான். ஆனால் வீட்டுக்கு வீடு கிணறு என்பது நெருக்கமான குடியேற்றத்துக்குப் பொருந்தாத ஆசை.

எனவே ஊருக்கு ஒரு ‘பிள்ளைக் கிணறு’ என்று நாம் பேசி வருகிறோம். தென்னந்தோட்டத்திலோ செய்கை இல்லாத காணியிலோ, குழிகளுக்குத் தூரமாக உள்ள ஒரு கிணற்றைத் தெரிந்தெடுத்து, பாலூட்ட முடியாத தாய்மாரின் வீடுகளும் கர்ப்பிணிகளும் மட்டும் குடிக்க அள்ளுவது. அதற்குப் பம்ப் பூட்டக்கூடாது; கிணற்றடியில் குளிப்பும் துவைப்பும் கூடாது. காணிச் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும். பள்ளிவாசல் நிருவாகமோ பங்குச் சபையோ கேட்டால் மறுப்பவர் குறைவு. தெரிந்தெடுத்தால் மட்டும் போதாது, சோதிக்கவும் வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமோ எழுத்தில் கேளுங்கள். “நைத்திரேற்றும் பார்க்க வேண்டும்” என்று தனியாக எழுதுங்கள். இல்லாவிட்டால் கிருமிச் சோதனையோடு நின்றுவிடும். செய்கையின் நடுவில் ஒரு முறை, மாரி மழை விழுந்த பின் ஒரு முறை.

அத்தகைய கிணறு அண்மையில் இல்லாத இடத்தில் மழைநீர் உதவும். ஓட்டுக் கூரை 50 சதுர மீற்றர் என்றால், 100 மில்லிமீற்றர் மழைக்கு 5000 லீற்றர் விழும். சிந்துவதைக் கழித்தாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு தொட்டி நிரம்பிவிடும். குடிக்கவும் பால் கரைக்கவும் நாளொன்றுக்கு 10 லீற்றர் எடுத்தால் 500 நாளுக்குக் காணும். பீலியைக் கழுவி, பருவத்தின் முதல் மழையை வெளியே விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். நுளம்பு புகாதபடி வலை கட்ட வேண்டும். பிள்ளைக்குக் கொடுக்குமுன் கொதிக்க வைக்க வேண்டும். நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் தூசி படியும் கூரைகளுக்கு இந்த யோசனையை நாம் சொல்லமாட்டோம். அங்குள்ளவர்கள் ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த தண்ணீரை வாங்கிப் பயன்படுத்தலாம். அந்த முறை நைத்திரேற்றில் பெரும்பகுதியை நீக்கும். கானில் விற்பதெல்லாம் ஆர்.ஓ. அல்ல, கேட்டு வாங்குங்கள்.

மாரிக்கு முன் செய்ய வேண்டியவை பீலியும் கடிதமும். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் பரிசோதகரை நேரில் காணுமுன் உங்கள் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். எந்த வீட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளை இருக்கிறது, அது எதைக் குடிக்கிறது என்ற விபரம் அவரிடம் இருக்கிறது.